கோரைப்பள்ளத்துச் சேற்றில் உன் அப்பா

கண்ணு,

மாப்பிள்ளை இன்னும் எழுந்திருக்கவில்லை. நேற்று சாயங்கால பஸ்ஸில், வருகிறேன் என்று ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லாமல், தனியாக மலையேறி வந்தார். அப்பா விடிந்ததும் எஸ்டேட்டுக்குப் போய்விட்டார். அடுப்பில் வெந்நீர் காய்கிறது. மாப்பிள்ளை எழுந்து குளித்துப் புறப்படுவதற்குள் இதை எழுதி முடித்து அவர் கையிலேயே கொடுத்தனுப்ப வேண்டும். அவசரத்தில் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

போன வாரம் நீ எழுதியிருந்தாய். “நான் அங்கேயே வந்துவிடுகிறேன் அம்மா, ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள்” என்று. நான் கேட்க வேண்டியதில்லை, சாமி. ஐப்பசியில் உன் குழந்தை தவறிப்போனபின் சேலத்தில் உன்னோடு வந்து தங்கியிருந்தேனே, அப்போதே பார்த்தேன். மாப்பிள்ளை காரியம் முடிந்த மறுநாளே ரயில்வே உடுப்பைப் போட்டுக்கொண்டு ஜங்ஷனுக்கு வேலைக்குப் போனார். தொட்டிலைக் கழற்றிப் பரணில் போட்டார். ராத்திரி சோறு வைத்தால் தின்றார். நீ அடுக்களையில் என் காதோடு சொன்னாய்: “கல்லு மாதிரி இருக்கறாரும்மா. ஒரு சொட்டு கண்ணீர் உட்டிருப்பாரா? அவரு மொகத்தப் பாக்கவே புடிக்கல.” அன்றைக்கு உன் தலையைத் தடவிக் கொடுத்தேனே தவிர, பதில் சொல்ல வாய் வரவில்லை. சொல்ல வேண்டிய பதில் என்னிடம் இருந்தது. ஆனால் அதைச் சொல்லப் போனால் உன் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உன் தம்பியைப் பற்றி நம் வீட்டில் யாரும் பேசுவதில்லை அல்லவா?

உனக்கு அப்போது ஏழு வயது. தம்பி பிறந்து, தவழ்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கியிருந்தான். கார்த்திகை அடைமழையில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. மலைப்பாதையில் மண் சரிந்து கிடந்ததால் கீழேயிருந்து டாக்டர் வர வழியில்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் தன்னால் ஆனதைச் செய்தார், பிள்ளை தங்கவில்லை. நிற்காத மழையில் அவனை எடுத்துப் போனார்கள். வாசலோடு நான் நின்றுவிட்டேன். பெண்கள் அதற்குமேல் போவதில்லை. எடுத்துப் போனவர்கள் நனைந்து திரும்பினார்கள். உன் அப்பாவும் திரும்பினார். வெந்நீரில் குளித்தார். மறுநாள் காலையில் சங்கு ஊதியதும் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு ஆள் கணக்கு எடுக்கப் போய்விட்டார். காப்பிப் பழம் பழுத்துத் தொங்கிய நேரம். கணக்கெழுதுகிற ரைட்டர் அவர் இல்லாமல் பழம் எடுப்பு நடக்காது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குள் ஏதோ இறுகிப்போனது.

அன்றையிலிருந்து நான் அவரோடு பேசவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. பேச்சு நின்றுபோனது, அவ்வளவுதான். தட்டை வைப்பேன், செம்பை வைப்பேன். ஏதாவது சொல்ல வேண்டுமானால் உன்னிடம் சொல்வேன், நீ அவரிடம் சொல்வாய். அது உனக்கு ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. அவரும் என்னை வற்புறுத்திக் கேட்கவில்லை. பழம் எடுப்பு முடிந்தது, தை போனது, மாசி போனது. கோடை மழை ஒன்று பெய்து, மலையெல்லாம் காப்பி பூத்தது. வீட்டுக்குள் வரைக்கும் அந்த வாசம் வந்தது. நான் கதவைச் சாத்தினேன்.

அப்போதைய நம் துரையை உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. சீமையில் நடந்த பெரிய சண்டையில் சிப்பாயாக இருந்துவிட்டு வந்தவர். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் அவருக்குக் கை நடுங்கும் என்று பட்லர் சொல்வான். மற்ற எஸ்டேட் துரைமார்கள் குளிர்காலத்தில் உள்ளான் குருவி சுடக் கிளம்புவார்கள். இவர் மட்டும், மாரமங்கலம் போகிற பக்கம் தன் எல்லைக்குள் கிடந்த கோரைப்பள்ளத்தில் யாரும் சுடக்கூடாது என்று பலகை அடித்து வைத்தார். மூன்று மலைச்சரிவுகளின் தண்ணீர் வடிந்து தேங்கி, கோரையும் நாணலும் அல்லியும் மண்டிக் கிடந்த சதுப்பு நிலம் அது. சுற்று வட்டாரத்தில் வெடிச்சத்தம் கேட்டால் பறவைகளெல்லாம் அங்கே வந்து இறங்கிவிடும். கரையில் ஒரு ஓலைக் குடிசை போட்டு, உட்கார்ந்து பார்க்க இடம் பண்ணி, மாரமங்கலத்து விவசாயி பொன்னனைக் காவலுக்கு வைத்திருந்தார் துரை. கேட்டால் எஸ்டேட் ஆட்களும் போய்ப் பார்க்கலாம். யாரும் கேட்டதில்லை. நாள் முழுக்க மலையில் ஏறி இறங்குகிறவர்களுக்கு லீவு நாளில் கொக்கைப் பார்க்கவா தோன்றும்?

உன் அப்பா கேட்டிருக்கிறார். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உன்னைக் கூப்பிட்டு, “கண்ணு, கோரைப்பள்ளத்துல வாத்தெல்லாம் வடக்க கெளம்பற நேரமாம். பாத்துட்டு வரலாம். அம்மாளையும் வரச்சொல்லு” என்றார். நீ குதித்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாய். உனக்காகத்தான் கிளம்பினேன். புளிச்சோறு கட்டிக்கொண்டேன். வழி நெடுக அவர் முன்னால், நீ நடுவில், நான் பின்னால். வெள்ளக்கடை ஊரைத் தாண்டியதும் உனக்குக் கால் வலித்தது, அவர் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். தோளில் பிள்ளையோடு அவர் நடப்பதைப் பார்க்க முடியாமல் நான் கீழே பார்த்துக்கொண்டே நடந்தேன்.

பொன்னன் எதிரே வந்து கும்பிட்டான். “வாங்க ரைட்டரய்யா, வாங்கம்மிணி. குடிசைல உக்காந்து பாருங்க. சத்தம் மட்டும் போடக்கூடாதுங்க. அப்பறம் கரையை உட்டு எறங்கீராதீங்க. மேல புல்லு, கீழ சேறு. மாடே அமுங்கிப் போயிருக்குதுங்க” என்றான். குடிசைக்குள் போய் உட்கார்ந்தோம். ஓலையில் விட்டிருந்த சந்து வழியாகப் பார்த்தால் தண்ணீர் பளபளத்தது. தூரத்தில் வாத்துகள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிந்தன. கானாங்கோழி ஒன்று எங்கேயோ விடாமல் கத்தியது. உனக்குப் பொறுமை போய்விட்டது, எப்போது சோறு என்று கேட்டாய். அப்போதுதான் நாணலுக்குள்ளிருந்து முக்குளிப்பான் ஒன்று வெளியே வந்தது. கைக்கடக்கமான, குட்டி வாத்து மாதிரி ஒரு நீர்ப்பறவை. அதன் முதுகில் இறக்கைக்கு நடுவே மூன்று குஞ்சுகள், கோடு போட்ட தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு சவாரி போயின. நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். உன் அப்பா என் பக்கம் திரும்பி, ரொம்பத் தயங்கி, “பாத்தியா புள்ளே, எப்படிச் சொமந்துட்டுப் போவுது பாரு” என்றார்.

நான்கு மாதத்துக்குப் பிறகு அவரிடம் வாய் திறந்தேன். “இதக் காட்டத்தான் என்னைய இவ்வளவு தூரம் நடத்திக் கூட்டியாந்தீங்களா? உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதுங்களா?” என்று கேட்டுவிட்டு எழுந்து வெளியே வந்துவிட்டேன். கரையில் போய் உட்கார்ந்தேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் உனக்குத் தெரியும். தெரியும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் கல்யாணத்தில்கூட மணமேடையில் வைத்து மாப்பிள்ளையிடம் சொல்லிச் சிரித்தாய், அப்பா சேற்றில் விழுந்த கதையை. குடிசையிலிருந்து நீ அவரோடு வெளியே வந்து, தண்ணீரில் ஊதா நிறத்தில் பூத்திருந்த அல்லியைக் காட்டி, “அப்பா, எனக்கு அந்தப் பூவு வேணும்” என்றாய். மற்ற நாளாயிருந்தால் அவர் பேச்சை மாற்றியிருப்பார். அன்றைக்கு நான் சொன்ன சொல்லில் மனிதர் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். பூ என்றதும், செய்வதற்கு ஏதோ ஒன்று கிடைத்தது போல நேராக இறங்கிவிட்டார். பச்சைப் புல்லாகத்தான் தெரிந்தது. நான்கைந்து எட்டு வைத்தார், முழங்கால் வரை போனது. காலை இழுத்தார், தொடை வரை போனது. திரும்பப் பார்த்தார், இடுப்பு வரை போய்விட்டது.

நான் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

உனக்கு அது பெரிதாகத் தெரியாது. உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, தகப்பனார் பெயர் என்ன என்று வாத்தியார் கேட்டதற்கு, “நீயே சொல்லு கண்ணு” என்று உன்னை முன்னால் தள்ளியவள் நான். இந்தக் கடிதத்தில்கூட எழுதக் கை வரவில்லை, பார். அன்றைக்கு அந்தப் பள்ளம் முழுக்க எதிரொலிக்கக் கத்தினேன். வாத்துக் கூட்டம் அப்படியே எழும்பியது. பொன்னன் ஓடி வந்தான். “அசையாதீங்கய்யா! காலை ஒதறாதீங்க, ஒதறுனா இன்னும் இழுக்கும்!” என்று கத்திக்கொண்டே குடிசையில் பெஞ்சாகப் போட்டிருந்த பலகையைப் பெயர்த்து வந்து புல்லின்மேல் நீட்டிப் போட்டான். “அம்மிணி, நீங்க எடை கம்மி. படுத்தாப்பல போயி கையப் புடிச்சுக்குங்க. நான் மேல எங்க ஊட்டுச் சாளைக்குப் போயி கவுறு எடுத்தாரேன்” என்று சொல்லிவிட்டுச் சரிவில் ஓடினான். உன்னைக் கரையைவிட்டு நகரக்கூடாது என்று அதட்டிவிட்டு, நான் பலகையில் குப்புறப் படுத்து ஊர்ந்து போனேன். அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். சேறு குளிர்ந்து கிடந்தது. அவர் முகம் வெளுத்திருந்தது. அந்த நேரத்திலும், “என்ன சொல்லிக் கூப்பட்டே புள்ளே?” என்றார்.

“ஒண்ணுமில்லீங்க. அசையாம இருங்க.”

இதிலிருந்துதான் உனக்குத் தெரியாது. நீ கரையில் தள்ளி நின்றாய், நாங்கள் மெதுவாகப் பேசினோம். சேறு இடுப்போடு நின்றுவிட்டது, அதற்குமேல் இறங்கவில்லை. அவர் தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கைக்குள் இருந்த அவர் கைகள், விரலெல்லாம் கருஞ்சேறு. திடீரென்று, “இதே மாதிரிதான் இருந்துது” என்றார்.

“எதுங்க?”

“மண்ணு. அன்னிக்கு. வெட்ட வெட்டத் தண்ணி ஊறுது புள்ளே. ஆளுங்க எறைச்சு எறைச்சு ஊத்துறாங்க, நிக்கவே இல்ல. யாரும் எறங்க மாட்டேங்கறாங்க. நாந்தான் எறங்குனேன். நாந்தான் வெச்சேன். அடியில ஈரமா இருக்குதேன்னு என் சட்டையக் கழட்டி விரிச்சு, அதும் மேல வெச்சேன். அவனுக்குக் குளுருமேன்னு நொம்பப் பயம் எனக்கு.” பிறகு, “ஊட்டுக்கு வந்ததும், சட்டை எங்கீங்கன்னு நீ கேப்பேன்னு நெனச்சேன். கேட்டா சொல்லீரலாம்னு நெனச்சேன். நீ கேக்கவே இல்ல” என்றார்.

சாமி, அவர் வெறும் உடம்போடு மழையில் வந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் அது என் மனதில் ஏறவில்லை. என் பிள்ளை போன துக்கத்தில் எனக்கு வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அதை நான் குற்றம் என்று சொல்லமாட்டேன். நீயும் உன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதே. ஆனால் வாசலோடு நின்றுவிட்ட எனக்கு, வாசலுக்கு அப்பால் என்ன நடந்தது என்று தெரியாது. அப்பால் போனவர் அதைத் தனியாகச் சுமந்துகொண்டு, தினமும் காலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு போய் வந்திருக்கிறார். ஆள் கணக்கு எடுக்கும்போது மட்டும்தான் அந்த மண் கண்ணுக்குள் வராமல் இருந்தது என்று பின்னால் ஒருநாள் சொன்னார்.

அவர் அழுதார். பெரிய ஆண்பிள்ளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. சேறும் கண்ணீருமாக, என் கையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். கரையிலிருந்து உன் குரல் கேட்டது: “அப்பா, எனக்குப் பூவு வேண்டாம்ப்பா. வந்துருங்கப்பா.” நாங்கள் பயத்தில் அழுவதாக நினைத்துக்கொண்டாய் போலிருக்கிறது. “வந்தர்றேன் கண்ணு, அங்கயே நில்லு” என்றார் அவர்.

பொன்னன் வர நேரமானது. நகரக்கூடாது என்பதால் இரண்டு பேரும் அப்படியே கிடந்தோம். சத்தம் அடங்கியதும் பறவைகள் ஒன்றொன்றாகத் திரும்பின. குடிசையில் ஒளிந்திருந்தபோது கிட்டே வராதவை, இப்போது நாங்களும் கோரையில் ஒரு பகுதி என்பது போல வந்து இறங்கின. கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் ஒரு உள்ளான், நீண்ட அலகைச் சேற்றில் விட்டு விட்டு எடுத்தது. முதுகில் இருக்கிற ஒவ்வொரு கோட்டையும் பார்த்தேன். முக்குளிப்பானும் வந்தது. குஞ்சுகளை இறக்கிவிட்டிருந்தது. அவை அதன் பின்னால் வரிசையாய் நீந்தின. இந்தத் தடவை நான் முகத்தைத் திருப்பவில்லை. வலித்தது, பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் வாத்துக் கூட்டம் முழுவதும் எழும்பிப் பள்ளத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மலைக்கு மேலே ஏறி, வடக்கே போனது. “போவுது பாரு” என்றார். கண்ணுக்கு மறைகிறவரை இருவரும் பார்த்தோம்.

கயிறு வந்தது, பொன்னன் மரத்தில் கட்டி இழுத்தான், உன் அப்பா ஒரு செருப்பைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டுக் கரையேறினார். அவர் கோலத்தைப் பார்த்து நீ சிரித்தாய். பொன்னன் சிரித்தான். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு மட்டும்தான் கதையாக உன்னிடம் தங்கியது. கரையில் உட்கார்ந்து நான்கு பேரும் புளிச்சோறு தின்றோம்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். அதற்கப்புறமும் பேச்சில்லாத நாட்கள் இருந்தன. ஆனால் அவர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார், நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டேன். ஒருநாள், “எடத்தைக் காட்டுங்க” என்றேன். கூட்டிப் போனார். ஆரஞ்சுத் தோட்டத்துக்கு மேலே, புல் மூடிக் கிடந்தது. அங்கே உட்கார்ந்து வந்தோம். எங்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. நீ ஒருத்திதான். அந்தத் துரை பிறகு எஸ்டேட்டை விற்றுவிட்டுச் சீமைக்குப் போனார். அடுத்து வந்தவர் கோரைப்பள்ளத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து நாற்றங்கால் போட்டார். இப்போது அங்கே போனால் உனக்கு அடையாளம் தெரியாது.

நேற்று ராத்திரி சாப்பிட்டதும் மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். “அவ எங்கிட்டப் பேசறதில்லீங்க அத்தை” என்று மட்டும் சொன்னார். நான் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். “குழந்தைய யாருங்க மாப்பிள்ளை எறங்கி வெச்சது?” அவ்வளவுதான் கேட்டேன். நீ கல் என்று சொன்ன மனிதர் அதற்குப் பிறகு வெகு நேரம் பேசினார். அப்பா எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தொட்டிலை ஏன் பரணில் போட்டார் என்பதையும் மாப்பிள்ளை சொன்னார்.

அவர் சொன்னது எதையும் நான் இங்கே எழுதப் போவதில்லை. அது எனக்குச் சொல்ல வேண்டியது அல்ல, உனக்குச் சொல்ல வேண்டியது. நீ கேட்டால்தான் சொல்வார். கேட்காமல் சொல்லத் தெரியாத ஆள், உன் அப்பா மாதிரி. நீ கேட்டு, அவர் சொல்லி, அதற்குப் பிறகும் உனக்கு இங்கே வரத்தான் தோன்றினால் தாராளமாக வா. இது உன் வீடு. எந்த பஸ் என்று எழுது, அப்பா வந்து நிற்பார், யாரும் உன்னை ஒரு வார்த்தை கேட்கமாட்டோம்.

வெந்நீர் கொதித்துவிட்டது. மாப்பிள்ளை எழுந்துவிட்டார். இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு, நீ படிக்கிறவரை அவர் அங்கே இங்கே நின்றுகொண்டிருப்பார், உன் முகத்தைப் பார்க்காமல். படித்ததும் மடித்து வைத்துவிடு. அவரை உட்காரச் சொல், கண்ணு.

அம்மா